இறக்கிய காரும் இருபத்திரண்டு வளைவுகளும்

முன் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி எறிந்துவிட்டுக் காயிலோவர் மாட்டும் மோகம் மலையடிவாரக் கிராமங்கள் வரை வந்துவிட்டது. வீட்டு முற்றத்திலேயே செய்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு காரின் உயரத்துக்கு யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. சாலைக்குக் கீழே பாறைகளுக்கிடையில் ஆறு இரைந்துகொண்டு ஓடுகிறது. ஓட்டு வீட்டின் முற்றத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்ட நிலையில், இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது 2012-ஆம் வருடத்திய மாருதி ஸ்விஃப்ட் ஒன்று. அதன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் இளைஞர், கழற்றியெடுத்த ஷாக் அப்சார்பரின் உச்சியிலுள்ள நட்டில் ஸ்பானரை வைக்கிறார். ஸ்பிரிங் இன்னும் அதைச் சுற்றி இறுக்கமாக அமர்ந்திருக்கிறது.

"மக்களே, அந்த நட்டுல கை வைக்காத!" திண்ணையிலிருந்து குரல் வருகிறது. கட்டன் சாயா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார் அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக். மார்த்தாண்டத்துக்காரர். விதுராவில் நெடுங்காலம் ஒர்க் ஷாப் நடத்தியவர். இளைஞர் அவரை "ஆசானே" என்றுதான் அழைக்கிறார். "ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காம அந்த நட்டைக் கழட்டினா, உன் முகம் இருக்கிற இடத்துலதான் அது வந்து நிக்கும்."

இளைஞர் ஸ்பானரை எடுத்துவிடுகிறார். அன்றைய வேலையில் உயிருக்கே ஆபத்தான கட்டம் அது ஒன்றுதான். அதைப் பற்றி அவர் படித்திருந்தார், மறந்திருந்தார்.

இந்தக் கல்லாறு மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கும் கல்லாறு. ஆற்றின் பெயரே ஊரின் பெயர். வாமனபுரம் ஆற்றின் தலைநீர்களில் ஒன்று இது. இரண்டு கல்லாறுகளுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஊட்டி மலை ரயிலின் பற்சக்கரப் பாதை அந்தக் கல்லாற்றில் தொடங்குகிறது. இந்தக் கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்திலிருக்கும் பொன்முடியில் கொண்டுபோய் விடும். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகளை நடத்தப் பொன்முடி தேர்ந்தெடுக்கப்பட்டது சும்மா இல்லை.

வார இறுதி நாட்களில் திருவனந்தபுரத்திலிருந்து வரும் கார்கள் இந்தச் சாலையில் வரிசை கட்டுகின்றன. அவற்றில் சில, தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும்படி தாழ்ந்து நிற்பவை. அவற்றைப் பார்த்துத்தான் இந்த இளைஞருக்கும் ஆசை வந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. இப்போது வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன் ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிய ஆரம்பித்தபோது, "மாற்றுவதுதான் மாற்றுகிறோம், காயிலோவராகவே போட்டுவிடலாம் என்று நினைத்தேன்" என்கிறார்.

அதே காரில்தான் மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவை நெடுமங்காட்டுக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்.

புதியது எது?

காயிலோவர் என்றால் என்ன? சுருள் ஸ்பிரிங்கின் நடுவில் ஷாக் அப்சார்பர் நின்றால் அதுதான் காயிலோவர். அப்படிப் பார்த்தால் இன்று இந்தியச் சாலையில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதும் அதுவே. அமெரிக்க எஞ்சினியர் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இந்த அமைப்பு, 1950-ல் பிரிட்டனில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபர் கார்களால் பரவலானது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கிய ஒரே தூண், மேலே காரின் உடலிலும் கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளிலும் பொருந்தியிருக்கும். இடமும் மிச்சம், செலவும் குறைவு.

இளைஞர்கள் காயிலோவர் என்று கேட்டு வாங்குவது இதையல்ல. அதில் ஷாக் அப்சார்பரின் உடலில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டு அந்த மரையில் ஏறும், இறங்கும். வளைந்த மூக்குள்ள ஸ்பானரால் வளையத்தைத் திருகினால் காரின் உயரம் மாறும். விலை கூடிய ரகங்களில் உச்சியில் ஒரு குமிழும் உண்டு. அதைத் திருகினால் ஷாக் அப்சார்பரின் கடினம் கூடும், குறையும். பந்தயக் கார்களுக்கு இது அவசியம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ஓடும் பந்தயக் கார்களை ஒவ்வொரு சுற்றுக்கும், மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருத்தவேண்டும். அங்கே அந்த வளையத்தைத் திருகுவதற்கென்றே ஆள் இருப்பார்.

உயரத்தை மாற்றுவதும் புதிதல்ல. ஆசான் தொழில் கற்றது அம்பாசடர் டாக்சிகளில். அதன் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்குத் தண்டுதான் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும். வருடங்கள் ஓடி முன்பக்கம் தாழ்ந்துபோனால், தண்டின் பற்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் தூக்குவார்கள். "நாங்க தூக்கத்தான் படிச்சோம். இவனுக இறக்கப் படிக்கானுவ" என்று சிரிக்கிறார் அவர்.

ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் இரண்டுக்கும் வேலை வேறு. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குண்டும் குழியுமான சாலையில் அமுங்கிய ஸ்பிரிங் தான் பெற்ற விசையைத் திருப்பிக் கொடுக்கும். அப்படியே விட்டால் கார் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறிய துளைகளின் வழியே பிதுங்கும்போது, ஆட்டத்தின் விசை வெப்பமாக மாறிவிடுகிறது. எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பரோடு ஓடும் காரில், டயர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாலையை விட்டுச் சற்று எழும்புகிறது. அந்த நேரத்தில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிடிப்பில்லை. இளைஞர் மாற்றத் துணிந்ததில் தவறில்லை. எதைப் போடுவது என்பதில்தான் கேள்வி.

முற்றத்தில் நடந்தது

வேலை தொடங்கும் முன் ஆசான் கேட்ட முதல் பொருள் ஸ்பானர் அல்ல. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம். மலையடிவார முற்றம் எதுவும் சமமாக இருப்பதில்லை. நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடம் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் சுவரில் கரியால் எழுதிவைத்தார். முன்பக்கம் இரண்டிலும் 380 மில்லிமீட்டர். பழைய உயரம் தெரியாமல் கழற்றினால், புதியது எவ்வளவு இறங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக். கார் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துதல். பிறகுதான் ஜாக்கி. மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் கனமான பலகை. காரைத் தூக்கியதும் ஜாக்கியை நம்பி விடாமல் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு. காரோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டக்கூடாது.

சக்கரத்தை எடுத்தால் ஷாக் அப்சார்பர் கண்ணெதிரே நிற்கிறது. அதில் கவ்வியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் உள்ள காரானால் அதன் ஒயர், ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ஆகிய மூன்றையும் விடுவிக்கவேண்டும். நக்கிளோடு சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் எந்த நிலையில் இருந்தன என்று பெயிண்ட்டால் கோடு போட்டுக்கொண்டு கழற்றவேண்டும். சக்கரம் செங்குத்தாக நிற்பதா, சாய்ந்து நிற்பதா என்பதை அந்தப் போல்ட்டுகளில் இருக்கும் சிறு இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அவை வெளிவந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கிவிடாதபடி கம்பியால் கட்டிவைப்பது அவசியம். கடைசியாக, பானெட்டைத் திறந்து மேலே இருக்கும் நட்டுகள். ஒரு கை கீழே ஷாக் அப்சார்பரைத் தாங்கிக்கொண்டிருக்க, இன்னொரு கை நட்டைக் கழற்றும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தவிர.

அந்த நடு நட்டுத்தான் காலையில் ஆசானைத் திண்ணையிலிருந்து எழுப்பியது. ஒரு சிறிய காரின் முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் அமுங்கிய நிலையில் அது பூட்டப்பட்டிருந்தால், உள்ளே அடைபட்டிருப்பது 125 கிலோ. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒற்றை நட்டு. கழற்றினால் 125 கிலோவும் ஒரே கணத்தில் வெளியே பாயும். சில காயிலோவர்கள் மேல் மவுண்டிங்கோடு முழுமையாக வருகின்றன. அவற்றுக்குப் பழைய ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம், கழற்றியதை அப்படியே ஓரம் கட்டிவிடலாம். இளைஞர் வாங்கியது பழைய மவுண்டிங்கையே எடுத்து மாட்டும் ரகம். விலை குறைவு. ஆபத்து அந்த விலைக்குள் அடங்கியிருந்தது.

ஸ்பிரிங் கம்ப்ரஸர்கள் இரண்டை எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்கினார்கள். ஒரு பக்கமே இறுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து நழுவும். அதன் இரு முனைகளும் தட்டுகளை விட்டு விலகி, கையால் அசைக்க முடிந்த பிறகுதான் ஆசான் நடு நட்டைக் கழற்ற அனுமதித்தார். அப்போதும் முகத்தை ஸ்பிரிங்கின் நேர்கோட்டில் வைக்க விடவில்லை.

இடது பக்கம் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. வலது பக்கம் ஒன்றேகால் மணி நேரம்.

திருகுமரையின் கணக்கு

போல்ட்டுகளை முடுக்குவதோடு வேலை முடிந்துவிடும் என்று இளைஞர் நினைத்திருந்தார். உண்மையில் அங்கேதான் தொடங்கியது. எந்த உயரத்தில் வைப்பது?

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஸ்பிரிங்கின் நீளம், கடினம், ஷாக் அப்சார்பரின் ஓட்டம், சக்கரத்தின் கோணம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி முன்பே தீர்மானிக்கப்பட்டவை. காயிலோவரின் வளையத்தைக் கையில் எடுப்பவர் அந்தத் தீர்மானங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்.

காரின் முன் சக்கரம் ஒன்றின் மேல், ஸ்பிரிங் தாங்கவேண்டிய எடை 250 கிலோ என்று கொள்வோம். மில்லிமீட்டருக்கு இரண்டரை கிலோ ஸ்பிரிங் அதைத் தாங்க 100 மில்லிமீட்டர் அமுங்கும். காயிலோவர்களில் நான்கு முதல் ஆறு கிலோ ஸ்பிரிங்குகள் சாதாரணம். ஐந்து கிலோ ஸ்பிரிங் 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும். கடினமான ஸ்பிரிங்கைப் போடுவதற்குக் காரணம் உண்டு. காரைத் தாழ்த்தினால் சக்கரம் மேலே எழும்ப மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. அந்தக் குறைந்த இடத்துக்குள் குழியின் அடியைத் தாங்கவேண்டுமானால் ஸ்பிரிங் கடினமாகத்தான் இருக்கவேண்டும். இடம் முழுவதும் தீர்ந்துபோனால், ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் மோதும். அந்தக் கணம் காருக்கு ஸ்பிரிங்கே இல்லை. சமவெளியில் அது முதுகுக்கு வலி. வளைவில் நடந்தால் டயர் பிடிப்பை இழக்கும்.

தாழ்த்தும்போது மாறும் விஷயங்கள் இன்னும் பல. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் ஸ்டீயரிங்கின் டை ராடும் முன்னிருந்த கோணத்தில் இருக்கா. சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிக்கொள்ளும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் புது டயரின் ஒரு விளிம்பு சில மாதங்களில் மழுங்கிவிடும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஹெட்லைட் வெளிச்சம் சாலையின் அருகிலேயே விழும். தெருவிளக்கில்லாத மலைச் சாலையில் இது சின்ன விஷயமல்ல. முன்பக்கம் மட்டும் கடினமாகி, பின்பக்கம் பழையபடி மென்மையாக இருந்தால், வளைவில் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் இளைஞர் 45 மில்லிமீட்டர் இறக்கினார். சுவரில் 380-க்குப் பக்கத்தில் 335 என்று எழுதினார். ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. முன்சக்கரத்தின் பக்கவாட்டில் நூல் கட்டிப் பிடித்து, இரண்டு சக்கரங்களும் ஓரளவு நேராக நிற்கும்படி டை ராடுகளைத் திருத்தினார். "இது ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு மட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நான்காவது வளைவு

பகல் மூன்று மணிக்குக் கார் மலையேறியது. இளைஞர் ஓட்ட, பக்கத்தில் ஆசான். பின்னிருக்கையில் நாம்.

ஏறும்போது இளைஞரின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது. பழைய ஷாக் அப்சார்பரில் இருந்த தொளதொளப்பு இல்லை. பிரேக் போட்டால் மூக்கு கவிழவில்லை. காயிலோவரை விரும்புகிறவர்கள் சொல்லும் நன்மைகள் பொய்யல்ல.

நான்காவது வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபோது, மட்கார்டின் உள்ளே டயர் உரசும் சத்தம் கேட்டது. திரும்பி இறங்கத் தொடங்கினார்கள். இறக்கத்தில்தான் மலைச் சாலை முன் ஷாக் அப்சார்பரைச் சோதிக்கிறது. சரிவினாலும் பிரேக்கினாலும் காரின் எடை முன்சக்கரங்களின் மேல் வந்து குவிகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் கார், தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான விசையால் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. வேகம் 30 ஆனால் அந்த விசை எடையில் பத்தில் ஏழு பங்கு. நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு அதற்குப் போதாமல் போகலாம். பத்து கிலோமீட்டர் வேகம் கூடியதற்கு இரண்டு மடங்குக்கு மேல் விசை. எந்தக் காயிலோவரும் இந்தக் கணக்கை மாற்றாது. ஆனால் கார் கச்சிதமாகத் திரும்புகிறது என்ற உணர்வு, ஓட்டுகிறவரைப் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போகத் தூண்டும். ஆசான் இரண்டாவது கியரில் போடச் சொன்னார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

வளைவின் நடுவில் மழை நீர் அரித்த ஒரு பள்ளம். 'டக்' என்று ஒரு சத்தம். ரப்பர் தடுப்பில் தண்டு மோதிய சத்தம். ஸ்டீயரிங் இளைஞரின் கையில் ஒரு கணம் லேசாகிப் பிறகு திரும்பவும் கனத்தது. கார் வெளிப்பக்கம் அரை அடி நழுவியது. வேகம் இருபதுக்கும் கீழே. எதிரே வண்டி இல்லை. யாரும் பேசவில்லை.

ஊருக்குள் நுழையும்போது ஒரு வேகத்தடையில் காரின் வயிறு உராய்ந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரக்குறிப்பு, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான மேடாக இருக்கவேண்டும் என்கிறது. அந்த வடிவத்தில், ஸ்விஃப்ட் நீளமுள்ள ஒரு கார் அதன் மேல் ஏறி நிற்கும்போது நடுவயிற்றுக்குக் கீழே இழப்பது சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளிதான். தாழ்த்திய காரும் தப்பித்துவிடும். ஆனால் நம் தெருக்களில் இருப்பவை ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பும் தார்க் கட்டிகள். அவற்றை யாரும் அளந்து போடவில்லை. காரைத் தாழ்த்துகிறவர்தான் அளந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்து பார்க்கும்படி மகன் சொன்னார். முழங்கால் வலியோடு குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்க மகனின் கை தேவைப்பட்டது. "என்னய்யா, திண்ணையில இருந்த வண்டியத் தரையில இறக்கிட்டியே" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் உயரம் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. இதற்கு என்ன பொருள் என்ற வழக்கு கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றம் வாகன உரிமையாளர்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருந்ததை மாற்றி, உற்பத்தியாளர் வகுத்த அசல் அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்த முடியாது என்று 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் தீர்ப்பளித்தனர். அதே வருடம் நிறைவேறிய திருத்தச் சட்டம் 182-ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. உதிரிபாகங்களை மாற்றிப் பொருத்துவது உட்பட, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டமல்ல. 2021 ஆகஸ்டில், பயணக் காணொளிகளால் புகழ்பெற்ற இரண்டு சகோதரர்களின் மாற்றியமைத்த வேனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்தது. கண்ணூர் அலுவலகத்தில் நடந்த ரகளையில் அவர்கள் கைதானபோது, மாநிலம் முழுவதும் இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தனர். கசியும் ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதே அளவில் புதியது போடுவது பழுதுபார்ப்பு. காரின் உயரத்தையே மாற்றும் காயிலோவர், சாலையில் நிறுத்தும் அதிகாரியின் கண்ணில் வேறு விஷயம். ஸ்பிரிங்கின் கடினம் பதிவுச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தை நடுச்சாலையில் நின்று செய்யவேண்டியிருக்கும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் செய்யவேண்டியிருக்கும். மாற்றத்தைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரிவிக்காதவரின் நிலை இன்னும் பலவீனமானது.

மேலும் ஒரு கண்டிஷன் மலைக்கே உரியது. இரண்டு பருவமழையும் பெய்யும் இடத்தில் திருகுமரையில் சேறும் துருவும் ஏறும். கழுவி, கிரீஸ் தடவி வைக்காவிட்டால் அடுத்த வருடம் வளையம் திரும்பாது. அப்போது அது உயரத்தை மாற்றும் காயிலோவராக இருக்காது. விலை கூடிய சாதாரண ஷாக் அப்சார்பராக இருக்கும்.

மீண்டும் ஸ்பானர்

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அதே முற்றத்தில் கார் மறுபடியும் ஸ்டாண்டுகளில் ஏறியது. இந்த முறை இளைஞர் யாரையும் கேட்கவில்லை. பலகை, கட்டை, ஸ்டாண்டு எல்லாம் வரிசையாக வந்தன. பூட்டு வளையத்தைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் மரைகளை எண்ணி, 35 மில்லிமீட்டர் தூக்கினார். தரையில் இறக்கி, காரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்பிரிங் படிந்த பிறகு அளந்தார். ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு முடுக்கினார். எல்லாப் போல்ட்டையும் காரின் கையேட்டில் உள்ள எண்களைப் பார்த்து டார்க் ரெஞ்சால் சரிபார்த்தார். அங்கிருந்து நேராக நெடுமங்காட்டில் வீல் அலைன்மென்ட். ஹெட்லைட்டையும் அங்கேயே திருத்திக்கொண்டார்.

சுவரில் 380-க்கும் 335-க்கும் பக்கத்தில் இப்போது 370 என்று எழுதியிருக்கிறது. தொழிற்சாலை கொடுத்த உயரத்துக்குப் பத்து மில்லிமீட்டர் குறைவு. பள்ளத்தில் அந்த 'டக்' சத்தம் இல்லை. டயர் உரசவில்லை.

"இதுக்குப் பேசாம புது ஒரிஜினல் ரெண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டோம். செலவு அதில் மிகக் குறைவு. உயரம் ஏறத்தாழ அதேதான்.

இளைஞர் கொஞ்சம் யோசித்தார். "போட்டிருக்கலாம். ஆனா ஏன் அந்த உயரத்துல வச்சிருக்கான்னு தெரிஞ்சிருக்காது."

ஆசான் சாயா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கரித்துண்டை எடுத்துச் சுவரிலிருந்த 335-ஐ அடித்துவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மருத்துவரிடம் போகவேண்டிய நாள்.